ஏசி ஹாலில் பறவைக்கூடு பெரணி: இலை கருகுவது ஏன், என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையில் அடுக்குமாடி வீடு. நர்சரியில் 'பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன்' என்று விற்கும் பறவைக்கூடு பெரணியை வாங்கி, ஏசி ஓடும் ஹாலில் வைத்திருக்கிறீர்கள். இலை ஓரங்கள் பழுப்பாகக் கருகுகின்றன. நடுவிலிருந்து வந்த இளம் இலை ஒன்று கறுத்து விழுந்துவிட்டது. பெரிய இலைகளின் அடிப்பக்கம் வரிவரியாகப் பழுப்புக் கோடுகள். பூச்சி என்று நினைத்து மருந்து வாங்கி வைத்திருக்கிறீர்கள். தினமும் நடுக்குழியில் ஒரு டம்ளர் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பக்கக் கன்று வந்தால் பிரித்து நடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த மருந்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அந்தக் கோடுகள் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. ஸ்போர் என்கிற வித்துத்தூளால்தான் அது இனம் பெருக்குகிறது. அந்தத் தூள் விளையும் பைகள்தான் இலைக்கு அடியில் கோடுகளாக இருப்பவை. ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து சீப்பின் பற்கள் போல ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் கிளம்பி, இலையின் ஓரம் வரை போகாமல் பாதி வழியில் நின்றிருக்கும். பெரும்பாலும் இலையின் மேல் பாதியில்தான் இருக்கும். லென்ஸ் இருந்தால், ஒவ்வொரு கோட்டின் ஒரு பக்கமும் மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். முற்றிய இலையின் கீழே வெள்ளைத் தாளை விரித்து ஓர் இரவு விட்டால், காலையில் காபித்தூளைவிட நைசான பழுப்புத் தூள் விழுந்து கிடக்கும். செடி வளர்ந்து பருவத்துக்கு வந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

செதில் பூச்சி வந்தால் காட்சியே வேறு. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். இவை எதுவும் இல்லையென்றால் கவலை வேண்டாம். நடுவில் தலைமுடி மாதிரி பழுப்பாகச் சுருண்டிருப்பதையும் பலர் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். இளம் இலையைப் பாதுகாக்கச் செடியே போர்த்திக்கொள்ளும் செதில்கள் அவை. தொடவே கூடாது. சுருள் பிரியாத இளம் இலையில் விரல் பட்டால்கூட அது கோணலாக விரியக்கூடும், அந்தக் கோணல் கடைசி வரை மாறாது.

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருவோம். பறவைக்கூடு பெரணி, அறிவியல் பெயரில் அஸ்பிளீனியம் நிடஸ், மண்ணில் வாழ்வதற்கென்று உருவான செடி அல்ல. இந்தியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் என்று வெப்பமண்டல மழைக்காடுகளில், மரக்கிளைகள் பிரியும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மரத்திலிருந்து சத்தை உறிஞ்சுவதில்லை, இடம் மட்டும்தான் வாங்கிக்கொள்கிறது. சுற்றிலும் விரிந்த இலைகள் புனல் மாதிரி நின்று, மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பறவை எச்சத்தையும் பிடித்து வைக்கின்றன. அது மக்கி எருவாகிறது. வேர்கள் பஞ்சுபோல் அடர்ந்து அந்த மக்குக்குள் ஓடுகின்றன. போர்னியோவில் சபா மாநிலத்தின் டானம் பள்ளத்தாக்கில் இந்தப் பெரணிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரை ஒன்று, பெரிய பெரணி ஒன்றுக்குள் வாழும் பூச்சி, புழு, பூரான் வகைகளின் மொத்த எடை, அந்த மரத்தின் உச்சியில் மீதிப் பகுதி முழுவதிலும் இருப்பவற்றுக்குச் சமமாகவே இருக்கக்கூடும் என்று காட்டியது. மரத்தின் மேல் தொங்கும் ஒரு குப்பைமேடு, ஆனால் அப்படி ஓர் உயிரோட்டமான குப்பைமேடு.

அங்கே மழை கொட்டினாலும் வேர் அழுகுவதில்லை. சருகுக்கு இடையில் எங்கும் காற்று, அடியில் தண்ணீர் தேங்க இடமே கிடையாது. வேரைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும், கூடவே எப்போதும் காற்றும் இருக்கும். வரும் தண்ணீரும் மழைநீர், உப்பே இல்லாதது. நம் வீட்டில் நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்: இறுகிய செம்மண், துளை அடைத்த தொட்டி, உப்புத் தண்ணீர். இந்தச் செடி தாகத்தால் சாவது அபூர்வம். மூச்சு முட்டியும் உப்பு ஏறியும்தான் பெரும்பாலும் சாகிறது.

அதனால் நடுக்குழியில் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். காட்டில் அப்படித்தானே மழை விழுகிறது என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அங்கே விழுந்த நீர் வழிந்து இறங்கிவிடும், மிச்சத்தைக் காற்று உலர்த்திவிடும். ஹாலில் காற்றோட்டமும் குறைவு, வெளிச்சமும் குறைவு. ஊற்றிய தண்ணீர் குருத்தைச் சுற்றியே நிற்கிறது. உங்கள் இளம் இலை கறுத்தது பெரும்பாலும் இதனால்தான். இந்தச் செடிக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அது அழுகினால் வாழைக்குக் குருத்து அழுகிய கதைதான். இளம் சுருள்களில் படாமல் நடுப்பகுதியை மெல்ல விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைத்துவிடும். தொட்டியைச் சாய்த்து நிற்கும் நீரை வடித்து, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் சில நாள் வையுங்கள். கொழகொழவென்று நாற்றத்தோடு இருந்தால், நேராகச் சொல்லிவிடுகிறேன், அதைக் காப்பாற்ற வழியில்லை.

இனி தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக, கலவையில் ஊற்றுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள், அதற்குப் பொதுவான பதிலே கிடையாது. விரலை முதல் கணு வரை கலவையில் விட்டால், மேலே காய ஆரம்பித்து உள்ளே லேசான ஈரம் தட்டுப்பட வேண்டும். அப்போது ஊற்றுங்கள், அடித்துளை வழியாக வெளியே ஓடும் வரை ஊற்றுங்கள். அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் தவறான பழக்கம். மேலே எப்போதும் சொதசொத, கீழே உப்புச் சேர்க்கை. மே மாதத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தேவைப்படலாம், நவம்பர் அடைமழையில் ஒரு வாரம் கூடத் தாங்கும். கொஞ்ச நாளில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரிந்துவிடும். அழகுக்காகத் தொட்டியைத் துளையில்லாத பீங்கான் ஜாடிக்குள் இறக்கி வைத்திருந்தால், தண்ணீர் விட்ட அரை மணி நேரம் கழித்து ஜாடியில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்தது தண்ணீரின் தரம். இலை ஓரம் கருகுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் போர் தண்ணீரைத்தான். கடற்கரை நகரத்தில் நிலத்தடி நீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி. இலை உறிஞ்சும் நீர் ஓரத்தில் ஆவியாகிப் போகும்போது உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அதனால்தான் கருகல் எப்போதும் நுனியிலும் ஓரத்திலும் தொடங்குகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினால் சந்தேகம் தீரும். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கிறது. நாம் குடிக்கலாம், பெரணிக்கு அது அதிகம். 200-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஆனால் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை 'வீணாகப் போகிறதே' என்று இந்தச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, குழாயும் தட்டும் சுத்தமாக இருந்தால் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேல் மழைநீர். வடகிழக்குப் பருவமழையில் மொட்டை மாடியில் ஒரு டிரம் வைத்து, கொசு புகாமல் துணி கட்டி மூடிவிட்டால் பல வாரங்களுக்கு ஆகும். எந்தத் தண்ணீரானாலும், மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம்.

கருகிய பகுதி மறுபடி பச்சையாகாது. கண்ணை உறுத்தினால் கத்தரியால் இலையின் வடிவத்தையே ஒட்டி வெட்டுங்கள், பச்சையில் படாமல் ஒரு நூல் அளவு பழுப்பை விட்டு வெட்டுங்கள். முழு இலையையும் எடுத்துவிடாதீர்கள், மிச்சப் பச்சை செடிக்குச் சோறு போடுகிறது. அடியில் உள்ள பழைய இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்வது வயசுக் கோளாறு, அவற்றை மட்டும் அடியோடு நீக்கலாம்.

கலவையை மாற்ற வேண்டும் என்பதும் அனேகமாக நிச்சயம். நர்சரியிலிருந்து வந்த உருண்டையைத் தொட்டுப் பாருங்கள், களிமண்ணோ செம்மண்ணோ இறுகிக் கிடந்தால் மாற்றியே ஆக வேண்டும். நான் சொல்லும் கலவை: தேங்காய் மட்டைத் துண்டுகள், அதாவது கடையில் கோகோ சிப்ஸ் என்று விற்பது, இரண்டு பங்கு, கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை எரு ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரி இரண்டு கைப்பிடி. மண் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசிய உப்புகள் உண்டு. சிப்ஸையும் கோகோபீட்டையும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, கஷாயம் போல இறங்கும் பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, நிறம் வெளுக்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பாக்கெட்டில் 'கழுவியது' என்று போட்டிருந்தாலும் ஒருமுறை கழுவிவிடுவது நல்லது. தொட்டி ஆழமாக வேண்டாம், அகலமாக இருந்தால் போதும். வேர்த்திரள் சின்னதுதான். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத கலவை ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். வேரை உதறும்போது பழைய மண்ணெல்லாம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். உதிர்வது உதிரட்டும். நடும்போது குருத்து கலவைக்கு மேலே நிற்க வேண்டும், புதையக் கூடாது.

வெளிச்சத்தைப் பற்றி இணையத்தில் படிப்பதில் பாதி நமக்குப் பொருந்தாது. 'வடக்கு ஜன்னலில் வையுங்கள், அங்கே நேர் வெயில் வராது' என்று எழுதியிருப்பார்கள். அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது, ஜூன் மாதத்தில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னலுக்குள் நன்றாகவே நுழையும். டிசம்பரில் தெற்கு ஜன்னலில் அதே கதை. அதனால் திசையை நம்பாமல் கையை நம்புங்கள். இலைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தால் நிழல் மங்கலாக, ஓரம் கலைந்து விழ வேண்டும். கத்தி போல் கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம், மெல்லிய திரை போடுங்கள். நிழலே விழவில்லையென்றால் அது இருட்டு. காலை எட்டு மணிக்கு முந்தைய கிழக்கு வெயில் கொஞ்சம் பட்டால் பாதகமில்லை. அதிக வெயிலில் இலை வெளிறி மஞ்சள் கலந்த பச்சையாகும், பிறகு காகிதம் போலக் காய்ந்த திட்டுகள் தோன்றும். குறைந்த வெளிச்சத்தில் இலை கரும்பச்சையாக இருந்தாலும் புதுச் சுருள் வருவது நின்றுவிடும். சாவதில்லை, ஆனால் வளர்வதும் இல்லை.

ஈரப்பதம் பற்றி நம்மூர்க்காரர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். சென்னையின் வெளிக்காற்றில் வியர்வை உலராமல் நாம் படும் பாடு பெரணிக்குச் சொர்க்கம். பிரச்சினை ஏசிதான். அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது, அதன் நேர் வீச்சில் நிற்கும் செடி நாள் முழுக்கக் காய்கிறது. இடத்தை மாற்ற முடியுமென்றால் பால்கனி நிழலுக்கு மாற்றுங்கள், அல்லது ஜன்னல் உள்ள குளியலறை. இரண்டும் இல்லையென்றால் ஏசி காற்று நேராகப் படாத மூலை. தெளிப்பான் வைத்துப் புகைபோலத் தண்ணீர் அடிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சில நிமிஷத்தில் ஈரம் காற்றோடு போய்விடும், போர் தண்ணீரானால் இலையில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும், நடுவில் தேங்கினால் பழைய தொல்லையே திரும்பும். செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைப்பது அதைவிடப் பயன் தரும். கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு மாதிரி கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் தொடங்கினால் பால்கனியில் உள்ள மெல்லிய இலைகள் கிழிந்தே போகும், அந்த மாதங்களில் உள்ளே எடுத்துவிடுவது நல்லது. மதுரை, திருச்சி கோடையில் பகல் காற்று வறண்டிருக்கும், அங்கே குளியலறை யோசனைதான் சிறந்தது.

வெப்பத்தில் 18 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அடி வாங்கும், அதனால் ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் மட்டும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே விட வேண்டாம். 'குளிர்காலத்தில் உரத்தை நிறுத்துங்கள்' என்ற அறிவுரையும் குளிர்நாட்டுச் சரக்குதான். நம் சமவெளியில் கொஞ்சம் குறைத்தால் போதும். உரம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கரையும் உரத்தை உறையில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து மாதம் ஒருமுறை, ஈரமான கலவையில் மட்டும். அதிக உரமும் உப்புதான், இலை கோணிக்கொள்வதும் ஓரம் கருகுவதும் அதனாலும் வரும். மண்புழு உரம் ஒரு கைப்பிடி ஓரத்தில் தூவலாம், நடுவில் போடாதீர்கள். சாணம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் எல்லாம் மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும்தான் வீட்டுக்குள் வருபவை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பது அலுப்பான வேலை, ஆனால் பெரணி இலை மருந்தைத் தாங்காது. வேப்பெண்ணெய்கூட முதலில் ஓர் இலையில் மட்டும், மிக நீர்த்து, மாலையில் அடித்து, சில நாள் பார்த்த பிறகே மற்ற இலைகளுக்கு. இலைக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தாலே அது தானாகப் பளபளக்கும். பால்கனியில் மழைக்காலத்தில் நத்தை வரும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான். இலையின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பட்டைபட்டையாகப் பழுப்பு ஏறி, நரம்பின் ஓரத்தில் வெட்டினாற்போல் நின்றால் அது இலை நூற்புழு, இலைக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. அந்த இலைகளை நீக்கிக் குப்பையில் போடுங்கள், மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள், இலையை நனைக்காதீர்கள்.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நர்சரியில் சொல்லியிருப்பார்கள். 1989-இல் நாசா மூடிய சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 2019-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனுக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும், 1000 வரைகூடத் தேவைப்படலாம் என்று முடிவு வந்தது. அழகுக்காக வளர்ப்பதே போதுமான காரணம். பூனை, நாய் கடித்தாலும் இது விஷமில்லை. ஆனால் 'அஸ்பராகஸ் ஃபெர்ன்' என்று விற்பது வேறு. அது பெரணியே கிடையாது, நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. செல்லப்பிராணிக்கு ஆகாது.

கடைசியாகக் கன்று. வாழை, கற்றாழை போல இதற்குப் பக்கக் கன்று வருவதில்லை. ஒரு தொட்டியில் இரண்டு மூன்று குருத்து தெரிந்தால், நர்சரியில் பல சிறு செடிகளைச் சேர்த்து நட்டிருக்கிறார்கள் என்று பொருள். அவற்றைத் தொட்டி மாற்றும்போது வேரோடு மெல்லப் பிரிக்கலாம். ஒரே குருத்துள்ள செடியைக் கத்தியால் பிளந்தால் இரண்டும் போகும். காப்புக்காட்டிலிருந்து பெயர்த்து வருவது சட்டப்படி குற்றம். மலைப் பாதையோரம் சாக்கில் கட்டி விற்பவற்றையும் வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் காட்டுச் செடிகள், சமவெளிக்கு வந்து நிலைப்பதும் அரிது.

பொறுமை இருந்தால் ஸ்போரிலிருந்து வளர்க்கலாம். வெள்ளைத் தாளில் விழுந்த தூளை, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த கோகோபீட் மீது மெல்லத் தூவி, மூடியுள்ள கண்ணாடி டப்பாவில், வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் பாசி மாதிரி பச்சை படரும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவத் தகடு. அது பெரணியின் இன்னொரு பிறவி. ஆண் செல் நீந்திப் பெண் செல்லை அடைவது அதன் அடியில் உள்ள நீர்ப்படலத்தில்தான், அதனால் அந்தக் கட்டத்தில் காயவே விடக்கூடாது. பிறகுதான் அதிலிருந்து உண்மையான இலை கிளம்பும். கைக்குள் அடங்கும் ஒரு செடியாக வர ஒரு வருஷத்துக்கு மேலே ஆகும். டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் பூஞ்சை புகுந்துவிடும், மூடியின் உட்புறம் துளித்துளியாக வியர்த்திருக்கும் வரை திறக்கத் தேவையில்லை.